திரையில் ஒன்றும் தெரியாத ஞாயிற்றுக்கிழமை

டீச்சர்,

இன்று மத்தியானம் குண்டசாலையில் மகள் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். மருமகன் தொலைக்காட்சியைப் போட்டார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிற தொலைக்காட்சி அது. அதில் ஒரு பட்டணத்தைக் கடல் விழுங்கிக்கொண்டிருந்தது. முதல் அலை வந்தது, பாலம் இடிந்தது. இரண்டாவது அலை வந்தது. பார்த்தால் அதே அலை, அதே நுரை, மூலையில் அதே கதவு மிதக்கிறது. மூன்றாவது தடவையும் அந்தக் கதவு மிதந்து வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது மாமி ஏன் சிரிக்கிறார் என்று மருமகன் பயந்து போனார்.

இதை உங்களிடம் சொன்னால்தான் ருசி. ஆனால் நீங்கள் போன தை மாதம் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள். சொல்ல ஆளில்லாததால் எழுதுகிறேன். பக்கத்தில் இருந்திருந்தால், "பாரும் மிஸி, தண்ணிக்குக் கூடக் காசில்லை. ஒரே அலையை மூண்டு தரம் வேலை வாங்குறாங்கள்" என்றிருப்பீர்கள்.

ஹந்தானையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருத்துவிச்சி, நீங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். தோட்டத்தில் மருத்துவிச்சியை எல்லாரும் மிஸி என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிட்டீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவோமே என்று ஒரு நாள் ஆரம்பித்துப் பார்த்தோம். இரண்டு பேருக்குமே நாக்கு வரவில்லை. கடைசிவரை டீச்சரும் மிஸியுமாகவே இருந்துவிட்டோம்.

தமிழருக்கு எதிரான கலவரத்தில் டவுனில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். சட்டிபானை, சேலை, படங்கள் எல்லாம் போயின. அந்தக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி மட்டும் திருத்துவதற்காக முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் கிடந்தது, அதனால் தப்பியது. உங்கள் அண்ணன்மார் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் யாரும் விரும்பாத தோட்டப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறி வந்தீர்கள். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டேன். "ரீவியைத் திருத்தக் குடுத்தனான். எடுக்காமல் எப்பிடிப் போறது?" என்றீர்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ் லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராதான் உங்களுக்குக் கிடைத்தது. லயத்தில் மின்சாரம் கிடையாது. ஆகவே கார் பற்றறியில்தான் தொலைக்காட்சி ஓடவேண்டும், பற்றறியை டவுனுக்குக் கொண்டுபோய்த்தான் சார்ஜ் ஏற்றவேண்டும். யுத்த காலம். தமிழ்ப் பெண் ஒருத்தி புல்லில் பின்னிய பன்பையில் கார் பற்றறியோடு சோதனைச் சாவடியில் இறங்கினால் என்ன நடக்கும்? நானும் அன்று கூட வந்திருந்தேன். ஆமிக்காரப் பொடியன் பற்றறியைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், துப்பாக்கியைச் சரிசெய்தான். நீங்கள் சிங்களத்தில், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கத்தான் இது, போன வாரம் பாலம் உடைகிற படம் பார்த்தாயா என்று கேட்டீர்கள். அவன் முகம் மாறிவிட்டது. "நோனா, அந்த பஸ் பொம்மை பஸ்தானே?" என்றான். பொம்மையேதான், விழும்போது சக்கரம் ஒட்டியபடி நின்றதைக் கவனிக்கவில்லையா என்றீர்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, நீங்கள் இருவரும் பொம்மை பஸ்ஸைப் பற்றிக் கதைத்தீர்கள். பிறகு அவனே பற்றறியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கவே பிடிக்காது. ஞாயிறு பின்னேரத்தில் போடுகிற அந்த ஆங்கிலப் படங்களில் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான். எரிமலையோ வெள்ளமோ பூமியதிர்ச்சியோ, வருகிறது என்று ஒரு விஞ்ஞானி கத்துவான். நகரத்து மேயர் கேட்கமாட்டார். அவரை நம்பவைக்கவே பாதிப் படம் போய்விடும். பூமி அதிர்கிறதென்று நடிகர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள், பின்னால் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை அசையாமல் இருக்கும். இடிந்து விழுகிற சுவர்க் கல் ஒருத்தன் தலையில் பட்டு பந்து மாதிரி எழும்பும். முதலில் செத்தவன் பிறகு கூட்டத்தில் தொப்பி போட்டுக்கொண்டு ஓடுவான். ஒரு படத்தில் பெரிய அணைக்கட்டின்மேல் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. ஈ லொறியளவு இருந்தது.

"இதையும் ஒரு படம்ன்னு பாக்குறீங்களே டீச்சர்?" என்று நான் திட்டினேன்.

நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. "காசிருக்கிறவன் ஊர் அழியிறதைக் காட்டுவான், மிஸி. காசில்லாதவன் எதைக் காட்டுறது? ஒரு அறைக்குள்ளை பத்துப் பேரை அடைச்சு வைச்சு அவையளைக் கதைக்க விடவேணும். ஆருக்கு மருந்து வேணும், ஆர் ஆரோடை கோபம், ஆர் பயந்தவர், எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சிடும். பெரிய படத்திலை ஆயிரம் பேர் சாவினம், ஒருத்தற்றை பேரும் தெரியாது."

ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில் ஒரே காம்பராவில் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு அந்தப் பேச்சு விளங்கியது. வாயால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

லயத்துச் சனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வீர்கள். படம் பார்க்க வந்தவர்கள் பாதிநேரம் உங்களைத்தான் பார்த்தார்கள். எனக்கு ஆஸ்பத்திரி ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்பதால் உங்கள் களவு பிடிபட்டது. நீங்கள் யாரையும் சாக விடமாட்டீர்கள். எரிமலைக் குழம்பில் ஒரு கிழவர் முழுதாக மறைந்துபோனார். "அவர் கடுகண்ணாவையிலை மகள் வீட்டை போயிட்டார்" என்றீர்கள், கண்ணை இமைக்காமல். கருப்பையா தாத்தா நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து திரையில் யார் விழுந்தாலும் முதல் ஆளாக, "இன்னொருத்தனும் கடுகண்ணாவைக்குப் போறான்" என்று அவர்தான் கத்தினார். லயமே சிரிக்கும்.

வீராயி அக்கா மட்டும் பக்கத்தில் வரமாட்டார். தன் காம்பரா வாசற்படியில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்ப்பார். காரணம் எல்லாருக்கும் தெரியும். கலவரத்தின்போது "வாராங்க, ஓடுங்க" என்று யாரோ கத்தியதும் லயம் முழுவதும் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தது. திரும்பி வந்தபோது காம்பராக்கள் கொள்ளை போய்த் துடைத்துவைத்த மாதிரிக் கிடந்தன. மகள் கல்யாணத்துக்கென்று வீராயி அக்கா சேர்த்ததெல்லாம் போயிருந்தது. அதற்குப் பிறகு, வேலைக்குத் தவிர, அவர் வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. மற்றவர்களும் அதே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள். யாராவது ஓடச் சொன்னால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கவேண்டும்.

அந்தப் பாடம்தான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ் லயத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். பின்கதவு திறக்க வரவில்லை. கதவு நிலை நசுங்கியிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தால், தண்ணீர் பிடிக்கிற பீலியில் செம்மண் கரைசல் விழுந்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் தேயிலைச் செடிகள் வரிசையாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, நடுவில் கை போகுமளவு வெடிப்பு. ஓடிவந்து உங்களைக் கூட்டிப்போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு வெடிப்பைக் குனிந்து பார்த்தீர்கள்.

"உது படத்தின்ரை முதல் பத்து நிமிசம், மிஸி" என்றீர்கள். உங்கள் குரலில் அன்று விளையாட்டு இல்லை.

பங்களாவுக்குப் போய்த் தோட்ட மனேஜர் துரையிடம் சொல்வோம் என்றேன். "எத்தினை படம் பாத்தனாங்கள்? பெரியவரை நம்பப் பண்ணுறதுக்குள்ளை மலை வந்திடும். ஒரு ஆளை அனுப்பிவிடுவம். ஆனா பார்த்துக்கொண்டு நிக்கேலாது" என்றீர்கள். ஆளை அனுப்பினோம். நான் பொறுக்கமாட்டாமல் முதல் கதவைத் தட்டி, "மண்ணு சரியப் போவுது, எல்லாம் வெளிய வாங்க!" என்று கத்தினேன். உள்ளே இருந்து, "யாரு மிஸி வாராங்க? எந்தப் பக்கமா வாராங்க?" என்று கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அடுத்த கதவும் அதற்கடுத்ததும் அடைத்துக்கொண்டன. மழையில் நின்று நான் அழுதேன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பாதிப் பேர் பிரசவத்தில் நான் கையில் பிடித்த பிள்ளைகள்.

நீங்கள் உள்ளே போனீர்கள். தொலைக்காட்சியைப் பழைய சேலையால் மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். "மிஸி, அழுறதை விட்டிட்டுப் பற்றறியைத் தூக்கும்" என்றீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இந்த மனுஷி பெட்டியைக் காப்பாற்றுகிறாளே என்று நினைத்தேன். நீங்கள் லயத்தின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புவரை நடந்துகொண்டே சொன்னீர்கள், பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற அதே குரலில்:

"இண்டைக்குப் படம் பிள்ளைக்காம்பராவிலை! இஞ்சை ஒழுகுது. நல்ல படம். பிந்தினா முதல் காட்சி போயிடும்!"

கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா எதிர்மேட்டில், பாறையின்மேல் கட்டியது. அது அசையாது. ஆபத்து என்றதும் அடைத்த கதவுகள் படம் என்றதும் திறந்தன, டீச்சர். முதலில் பிள்ளைகள் பாய்ந்தார்கள். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு தாய்மார் வந்தார்கள். இவர்களைத் தேடிக்கொண்டு ஆம்பிளைகள் வந்தார்கள். கருப்பையா தாத்தா தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, "முன்னுக்கு இடம் வைங்கடா" என்று சத்தம் போட்டபடி வந்தார். பிள்ளைத்தாய்ச்சியை நான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன்.

அங்கே போய்ப் பெட்டியைப் போட்டால் படம் இல்லை. தூக்கிவந்து நட்ட அன்டெனாக் கம்பைக் காற்று முறித்துக்கொண்டு போனது. திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள், எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி. இரைச்சல் மட்டும் கேட்டது. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் எழுந்துகூட விட்டார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

நீங்கள் வழக்கம்போலப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றீர்கள். "இருங்கோ, இருங்கோ. இது பனிப்புயல் படம். அதுதான் எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நடுவாலை ஒராள் நடந்து வாறார், வடிவாப் பாருங்கோ" என்றீர்கள்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பையா தாத்தா விரலை நீட்டி, "அந்தா, வாரான் பாரு! கம்பளி போத்திக்கிட்டு வாரான்!" என்றார். பிறகு எல்லாருக்கும் தெரிய ஆரம்பித்தது. எனக்கும் தெரிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.

ஒரு மலைக்கிராமம், வரிசையாக வீடுகள், மேலே பனி சேர்ந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானியைக் கதையில் சேர்க்கவில்லை. மேயரைப் படுக்கையில் காய்ச்சலோடு விட்டுவிட்டீர்கள். ஊர்ச்சனம் ஒரு கோயிலுக்குள் வந்து சேர்கிறது. ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, ஒரு குடிகாரன், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. யார் யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று சனத்துக்கு விளங்கி விளங்கிச் சிரிப்பு. இசை கிடையாது, இடிகிற பாலம் கிடையாது, பொம்மை பஸ்ஸும் கிடையாது. உலகத்திலேயே செலவு குறைந்த படம் அதுதான். நான் ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீராயி அக்கா மட்டும் இல்லை. உங்களைப் பார்த்தேன், நீங்கள் கண்ணாலேயே போகச் சொன்னீர்கள்.

அக்கா தன் காம்பராவில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கொள்ளை போனபிறகு மறுபடி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த பெட்டி. வாங்க என்றால் வரமாட்டார். ஆகவே நானும் படத்தைத்தான் எடுத்தேன்.

"அக்கா, படத்துல ஒரு பொம்பள வீட்ட விட்டு வரமாட்டேன்னு நிக்கிறா. பனி சரியப் போவுது. என்னா சொன்னா அவ வருவா? டீச்சருக்குத் தெரியல."

வீராயி அக்கா யோசித்தார். "ஓடு ஓடுன்னு சொன்னா வரமாட்டா மிஸி. உசுரு மட்டுமா உசுரு? அவ பெட்டியத் தூக்க நாலு ஆளு வந்தா, பின்னாலயே வருவா" என்றார்.

நான் அவ்வளவு வேகமாக ஓடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூச்சு வாங்கியபடி உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் சனத்தின் பக்கம் திரும்பினீர்கள்.

"இப்ப அந்த மனுசியின்ரை பெட்டியைத் தூக்க நாலு ஆம்பிளையள் வேணும். படத்திலை ஒருத்தரும் எழும்பேல்லை. காசில்லாத படம், நாலு நடிகருக்குச் சம்பளம் குடுக்க வழியில்லை. இஞ்சை ஆரும் இருக்கினமோ?"

நாலு பேர் இல்லை, டீச்சர், ஒரு வரிசையே எழுந்தது. என் பின்னால் வந்து பெட்டியைத் தூக்கினார்கள், அம்மிக்கல்லைத் தூக்கினார்கள், கூடையோடு கோழியைத் தூக்கினார்கள். வீராயி அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பிள்ளைக்காம்பராவில் பெட்டியை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, திரையை உற்றுப் பார்த்தார்.

"என்னா டீச்சர், ஒண்ணுமே தெரியல?"

அந்த அறை வெடித்துச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் சத்தம் வந்தது. படங்களில் தகரத்தைத் தட்டி இடி வரவழைப்பார்களே, அப்படி இல்லை. கால் வழியாக ஏறி வயிற்றில் நின்ற சத்தம். வெளியே ஓடிப் பார்த்தபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் தலைகீழாகக் கிடந்த தேயிலைச் செடிகளும்தான் இருந்தன. உங்கள் கடைசிக் காம்பராவும் போய்விட்டது.

ஒப்பாரி எழுந்தது. நான் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. கடைசிப் பெயருக்கும் வந்தது. அழுகை அடங்கிக்கொண்டு போகையில் கருப்பையா தாத்தா உங்களிடம் வந்து நின்று, "டீச்சர், கடுகண்ணாவைக்கு யாராச்சும்...?" என்று இழுத்தார்.

"ஒருத்தரும் போகேல்லை ஐயா" என்றீர்கள். "இண்டைக்கு ஒருத்தரும் போகேல்லை." அப்போதுதான் உங்கள் குரல் உடைந்தது. வீடு எரிந்ததைச் சொல்லும்போதுகூட அழாதவர் நீங்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதீர்கள், நானும் அழுதேன். சந்தோசத்தில் அப்படி அழலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

துரைக்கு அனுப்பிய ஆள் அப்போதுதான் பதிலோடு வந்தான். மழை விடட்டும், பார்ப்போம் என்று துரை சொல்லியிருந்தார். பிறகு துரையே சப்பாத்தும் மழைக்கோட்டுமாக வந்து, தோட்டம் தக்க நேரத்தில் நடவடிக்கை எடுத்தது என்று கூட வந்த பெரியவர்களிடம் விளக்கிக்கொண்டு நின்றார். "மேயருக்குக் காய்ச்சல் சுகமாயிட்டுது" என்று என் காதில் சொன்னீர்கள். எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. பொலிஸ்காரர் ஒருவருக்கு வேறு சந்தேகம். இவ்வளவு தமிழ்ச் சனம் ஒரே இடத்தில் கூடியது எதற்கு என்று கேட்டார். வீராயி அக்கா பெட்டியை விட்டு எழும்பாமல், "படம் பாத்தோம்" என்றார். பொலிஸ்காரர் இன்னும் இரைந்துகொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. எங்களுக்குத் தெரிஞ்சிச்சு" என்றார் வீராயி அக்கா.

டீச்சர், அந்தப் படங்களின் குறைகளை நான் உங்களிடம் எவ்வளவோ அடுக்கியிருக்கிறேன். ஒன்றை மட்டும் அப்போது நான் கண்டுபிடிக்கவில்லை. ஆபத்து விலகியதும் தப்பியவர்கள் ஒரு மேட்டில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள், படம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எந்தப் படமும் காட்டாது. காட்டக் காசும் இருக்காது.

அதைக் காசில்லாமல் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு மூத்தவள் அந்தப் பிள்ளைக்காம்பராவிலேயே பிறந்தாள், நீங்கள் வெந்நீர் வைத்தீர்கள். வீராயி அக்காவின் மகள் பெட்டிக்குள் இருந்த கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பெட்டி தூக்கிய ஆம்பிளைகள் அப்பாமார் ஆனார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து திரையில் ஆள் தெரிகிறது என்று அடம்பிடித்த பொட்டைப் பிள்ளைகள், வயது வந்து, வயிறு தள்ளிக்கொண்டு என்னிடமே வந்தார்கள். ஓய்வு பெறும்வரை அவர்கள் எல்லாருடைய பிள்ளைகளையும் இந்தக் கைகளில்தான் வாங்கினேன். ஒவ்வொன்றும் வழுவழுவென்று கைக்குள் வந்து, மூச்சு இழுத்து, வீரிட்டு அழும்போது, தாய்க்குக் கேட்காதபடி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வேன்: இதுவும் போகேல்லை, டீச்சர். வந்திட்டுது.